மாறாத் தொலைவும் மாறும் காலமும்

நுழையும்முன்

இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள தொலைவு எவ்வளவு என்னும் வினாவும், அத்தொலைவைக் கடக்க எவ்வளவு நேரமாகும் என்னும் வினாவும் ஒன்றுபோலத் தோன்றுவன. முதல் வினாவிற்குப் புவியின் வடிவமே விடை தருகிறது. இரண்டாம் வினாவிற்கு விடை காணக் காற்றையும் பொறியியலையும் நாடுகளின் உறவையும் அறிய வேண்டியுள்ளது. ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி நகருக்கும் ஜப்பானின் டோக்கியோ நகருக்கும் இடைப்பட்ட வான்வழியின் வரலாற்றைக் கொண்டு இவ்வேறுபாட்டை விளக்குகிறது இப்பாடம்.

இரு நிலையங்கள்

ஹெல்சிங்கி விமான நிலையம் அந்நகரை அடுத்துள்ள வான்டா என்னும் ஊரில் அமைந்துள்ளது. 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில் நடைபெற்ற ஒலிம்பிக் விளையாட்டுப் போட்டிகளையொட்டி அது திறக்கப்பட்டது. டோக்கியோவுக்குக் கிழக்கே உள்ள நரிட்டா விமான நிலையம் 1978ஆம் ஆண்டு பயன்பாட்டிற்கு வந்தது. முன்னது ஏறத்தாழ 60° வட அட்சத்திலும் 25° கிழக்குத் தீர்க்கத்திலும் அமைந்துள்ளது. பின்னது ஏறத்தாழ 36° வட அட்சத்திலும் 140° கிழக்குத் தீர்க்கத்திலும் உள்ளது.

இவ்விரு நிலையங்களும் இடம்பெயரவில்லை. அவற்றுக்கு இடையிலான தொலைவும் மாறவில்லை. எனினும், 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பது மணி நேரத்திற்குச் சற்று மிகுதியாக எடுத்துக்கொண்ட பயணம், அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் ஏறத்தாழ பதின்மூன்று மணி நேரமாக நீண்டது. விமானத்தின் வேகம் குறையவில்லை. பொறியில் பழுதும் இல்லை. அவ்வாறாயின், கூடுதலான நான்கு மணி நேரம் எங்கிருந்து வந்தது? இதனை அறிய, முதலில் தொலைவு அளக்கப்படும் முறையைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும்.

தட்டை வரைபடமும் உருண்டைப் புவியும்

வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் ஹெல்சிங்கியையும் டோக்கியோவையும் ஓர் அளவுகோலால் இணைத்தால், தென்கிழக்காக இறங்கும் நேர்கோடு கிடைக்கும். பார்வைக்கு இதுவே குறுகிய வழியாகத் தோன்றும். ஆனால் அத்தோற்றம் பிழையானது.

உருண்டையான புவியின் பரப்பைத் தட்டையான தாளில் விரிக்கும்போது ஏதேனும் ஒரு பண்பு சிதைந்தே தீரும். ஆரஞ்சுப் பழத்தின் தோலைக் கிழிக்காமலும் இழுக்காமலும் மேசைமீது பரப்ப இயலாது என்பதை எண்ணிப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். 1569ஆம் ஆண்டு ஜெரார்டஸ் மெர்கேட்டர் என்பவர் மாலுமிகளுக்குப் பயன்படும் வகையில் ஓர் உலக வரைபடத்தை உருவாக்கினார். அதில் வரையப்படும் நேர்கோடு, பயணம் முழுவதும் திசைகாட்டியில் ஒரே திசையைக் காட்டும். கப்பலைச் செலுத்துவோருக்கு இது பெருவசதி. ஆனால், நிலநடுக்கோட்டிலிருந்து விலகிச் செல்லச்செல்ல அவ்வரைபடத்தில் நிலப்பரப்புகள் பெரிதாகிக்கொண்டே போகும். ஹெல்சிங்கி அமைந்துள்ள 60° அட்சத்தில் நீளங்கள் இருமடங்காகவும் பரப்பு நான்கு மடங்காகவும் பெருகித் தோன்றும்.

இவ்வரைபடத்தின் நேர்கோட்டைப் பின்பற்றி ஹெல்சிங்கியிலிருந்து நரிட்டாவுக்குச் சென்றால், பயணத் தொலைவு ஏறத்தாழ 8,780 கிலோமீட்டராக இருக்கும். உண்மையான குறுகிய தொலைவு இதனினும் ஏறத்தாழ 950 கிலோமீட்டர் குறைவு.

பெருவட்டம்

ஒரு கோளத்தின் மையத்தின் வழியாகச் செல்லும் தளம், அக்கோளத்தை இரு சமபாதிகளாக வெட்டுகிறது. அத்தளம் கோளத்தின் பரப்பில் உண்டாக்கும் வட்டம் பெருவட்டம் எனப்படும். நிலநடுக்கோடு ஒரு பெருவட்டம். ஒவ்வொரு தீர்க்கக்கோடும் ஒரு பெருவட்டத்தின் பாதி. கோளப் பரப்பிலுள்ள எந்த இரு புள்ளிகளுக்கும் இடையே மிகக் குறுகிய வழி, அவற்றை இணைக்கும் பெருவட்டத்தின் சிறிய வில்லே ஆகும்.

இதனைச் சோதித்துப் பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. புவிக்கோள மாதிரி ஒன்றில் ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையே ஒரு நூலை வைத்து இறுக்கிப் பிடித்தால், நூல் தானாகவே குறுகிய வழியில் படியும். அது வரைபடத்தின் கோட்டைப்போல் தென்கிழக்காக இறங்காது. வடகிழக்காக ஏறி, 67° வட அட்சம்வரை உயர்ந்து, அதன் பின்னரே தெற்கு நோக்கி வளையும். ஆர்க்டிக் வட்டம் 66½° அட்சத்தில் உள்ளது. இரண்டு நகரங்களும் அவ்வட்டத்திற்குத் தெற்கே இருந்தும், அவற்றை இணைக்கும் குறுகிய வழி அவ்வட்டத்தைத் தாண்டிச் செல்வது வியப்பிற்குரியது.

அவ்வழியில் செல்லும் விமானத்தின் திசையும் இடையறாது மாறுகிறது. ஹெல்சிங்கியில் புறப்படும்போது அது வடக்கிலிருந்து கிழக்காக 51° சாய்ந்து செல்கிறது. வடகோடியில் நேர்கிழக்கைப் பார்க்கிறது. நரிட்டாவை நெருங்கும்போது தெற்கை ஒட்டிய தென்கிழக்காகத் திரும்பியிருக்கும். புவியின்மீது நேராகச் செல்லும் ஒன்று, திசைகாட்டியில் ஓயாது திரும்பிக்கொண்டிருக்கிறது.

இவ்வில்லின் நீளத்தைக் கணக்கிடுவது எளிது. இரு நிலையங்களின் அட்ச, தீர்க்க அளவுகளைக் கோள முக்கோணவியல் வாய்பாட்டில் இட்டால், அவை புவியின் மையத்தில் தாங்கும் கோணம் ஏறத்தாழ 70.4° எனக் கிடைக்கும். ஒரு பாகைக்கு அறுபது கலைகள். ஒரு கலைக்கு ஒரு கடல் மைல். எனவே தொலைவு ஏறத்தாழ 4,224 கடல் மைல்கள் ஆகும். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். ஆகவே, ஹெல்சிங்கிக்கும் நரிட்டாவுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர். புவி முழுமையான கோளம் அன்று. துருவங்களில் சற்றே தட்டையானது. அதனால் நுண்கணக்கில் சில கிலோமீட்டர்கள் வேறுபடும். பயணத் திட்டத்தின் அடிப்படையை அச்சிறு வேறுபாடு மாற்றுவதில்லை.

தொலைவிலிருந்து காலத்திற்கு

பெரிய பயணிகள் விமானம் உயர்வானில் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. 7,800ஐ 900ஆல் வகுத்தால் எட்டு மணி நாற்பது நிமிடம் விடையாகக் கிடைக்கும். ஆயினும், கால அட்டவணையில் இதனினும் கூடுதலான நேரமே குறிக்கப்பட்டிருக்கும்.

விமானம் புறப்பட்டவுடன் முழு வேகத்தை எட்டிவிடுவதில்லை. பத்துக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட உயரத்திற்கு ஏறவும், இறுதியில் அங்கிருந்து இறங்கவும் அது மெதுவாகச் செல்ல வேண்டியுள்ளது. வான்வழிகளும் பெருவட்டத்தின்மீது அப்படியே அமைந்திருப்பதில்லை. போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் பொருட்டு ஆங்காங்கே வளைந்து செல்கின்றன. அட்டவணையில் குறிக்கப்படும் நேரம், விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்குவது முதல் மறுமுனையில் நிறுத்துமிடத்தை அடைவது வரையிலான காலமாகும். ஓடுபாதைவரை ஊர்ந்து செல்லும் நிமிடங்களும் அதனுள் அடங்கும்.

காற்றின் பங்கு

ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குச் செல்லும் பயணமும் அங்கிருந்து திரும்பும் பயணமும், குறுகிய வழியில் சென்ற காலத்திலும், ஒரே அளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. கிழக்கு நோக்கிச் சென்றபோது ஒன்பதரை மணி நேரத்திற்குள் முடிந்த பயணம், மேற்கு நோக்கித் திரும்பியபோது பத்து மணி நேரத்தைத் தொட்டது. உயர்வானில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வலிய காற்றோட்டமே இதற்குக் காரணம். இதனை ஜெட் காற்றோட்டம் என்பர்.

இக்காற்றோட்டத்தை முதன்முதலாக முறையாக அளந்தவருள் ஒருவர் ஜப்பானிய வானிலை அறிஞர் ஓய்ஷி வசாபுரோ. டோக்கியோவுக்கு வடகிழக்கே உள்ள தத்தேனோ ஆய்வகத்திலிருந்து 1920களில் அவர் பலூன்களைப் பறக்கவிட்டார். அவை எத்திசையில் எவ்வளவு விரைவாக இழுத்துச் செல்லப்படுகின்றன என்பதைத் தொலைநோக்கிக் கருவியால் பின்தொடர்ந்து கணித்தார். குளிர்காலத்தில் ஜப்பானின் மேல்வானில் மிக வலிய மேலைக்காற்று வீசுவதை அவர் கண்டறிந்தார். உலகோர் அனைவரும் படிக்க வேண்டும் என்னும் விழைவால், தம் முடிவுகளை எசுபெராண்டோ என்னும் பொதுமொழியில் வெளியிட்டார். அம்மொழியை அறிந்தோர் சிலரே ஆதலின், அவருடைய கண்டுபிடிப்பு நெடுங்காலம் பிற நாடுகளில் கவனிக்கப்படாமல் இருந்தது. இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானின் மேல் மிக உயரத்தில் பறந்த அமெரிக்க விமானிகள் அக்காற்றை நேரில் எதிர்கொண்டு திகைத்தனர்.

காற்று ஒருவழியில் தரும் நன்மையை மறுவழியில் அவ்வாறே திரும்பப் பெற்றுக்கொள்வதாகப் பலர் கருதுவர். கணக்கு வேறாகக் கூறுகிறது. காற்றே இல்லாத நிலையில் 7,800 கிலோமீட்டரை மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் சென்று திரும்ப 17 மணி 20 நிமிடம் ஆகும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகமுள்ள காற்று வீசினால், செல்லும்போது வேகம் 1,000 ஆகவும் திரும்பும்போது 800 ஆகவும் அமையும். அப்போது ஆகும் நேரம் 7 மணி 48 நிமிடமும் 9 மணி 45 நிமிடமும் சேர்ந்து 17 மணி 33 நிமிடம். எதிர்க்காற்றில் விமானம் மெதுவாகச் செல்வதோடு, அக்காற்றினிடையே நீண்ட நேரம் இருக்கவும் வேண்டியுள்ளது. எனவேதான் இழப்பு மிகுகிறது.

வானின் எல்லைகள்

புவியின் வடிவமும் காற்றும் இயற்கை விதித்தவை. மூன்றாவதாக ஒன்று உண்டு. அது மனிதர் விதித்தது. 1944ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் சிகாகோ நகரில் கையொப்பமான பன்னாட்டு விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் முதல் விதி, ஒவ்வொரு நாட்டிற்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்வெளியில் முழுமையான, தனித்த இறையாண்மை உண்டு என ஏற்கிறது. அயல்நாட்டு விமானம் ஒரு நாட்டின் வானைக் கடக்க அந்நாட்டின் இசைவு வேண்டும். பல நாடுகள் அதற்குக் கட்டணமும் பெறுகின்றன.

ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் இடைப்பட்ட பெருவட்ட வழியின் மிகப்பெரும் பகுதி ரஷ்யாவின் மேல் செல்கிறது. ரஷ்யா சோவியத் ஒன்றியத்தின் பகுதியாக இருந்த காலத்தில், மேலைநாட்டு விமானங்கள் சைபீரியாவின் மேல் தடையின்றிப் பறக்க இசைவு கிடைக்கவில்லை. பின்னர்ச் சில நிறுவனங்களுக்கு இசைவு கிடைத்தபோதும், மாஸ்கோவில் இறங்கிச் செல்லுமாறு அமைந்தது. ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே நிலவழியாக மிக அருகில் இருந்த பாதை, பனிப்போரால் அடைபட்டிருந்தது.

வடமுனை வழி

அடைபட்ட பாதைக்கு மாற்றுவழியைத் தேடியவர்கள் புவிக்கோளத்தின் உச்சியைப் பார்த்தனர். 1957ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஸ்காண்டிநேவிய விமான நிறுவனம், கோபன்ஹேகனிலிருந்து வடமுனைப் பகுதியைக் கடந்து, அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் இறங்கி, அங்கிருந்து டோக்கியோவுக்குச் செல்லும் வழியைத் தொடங்கியது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்குச் சென்ற பயணியர் பலர், நள்ளிரவில் ஆங்கரேஜ் நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில் இறங்கி ஏறினர்.

வடமுனையை அடுத்த வானில் வழி அறிதல் எளிதன்று. காந்த முனை அருகில் இருப்பதால் திசைகாட்டியின் முள் நிலைகொள்ளாது தடுமாறும். தீர்க்கக்கோடுகள் யாவும் ஒரு புள்ளியில் கூடுவதால், வடக்கு என்னும் சொல்லே பொருளிழக்கத் தொடங்கும். ஆகவே, வரைபடத்தின்மீது செயற்கையான கட்டக்கோடுகளை வரைந்து, காந்தத்தைச் சாராமல் சுழற்சியால் திசையைத் தக்கவைக்கும் சுழல்காட்டிகளையும், கதிரவன், விண்மீன் ஆகியவற்றின் நிலையையும் கொண்டு அக்கால விமானிகள் வழி கண்டனர்.

1983: இரண்டு நிகழ்வுகள்

1983ஆம் ஆண்டு ஃபின்லாந்தின் ஃபின்னேர் நிறுவனம், ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு இடையில் எங்கும் இறங்காத விமானப் பயணத்தைத் தொடங்கியது. மேற்கு ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்கு இடைநில்லாது பறந்த முதல் பயணிகள் சேவை அதுவே. டிசி-10 வகை விமானம் சோவியத் நிலப்பரப்பைத் தவிர்த்து, வடமுனையைச் சுற்றி, பெரிங் நீரிணைப் பகுதியின் வழியாகப் பசிபிக் பெருங்கடலை அடைந்தது. பயணம் ஏறத்தாழ பதின்மூன்று மணி நேரம் நீடித்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் அப்பகுதியின் வானில் பெருந்துயரம் நிகழ்ந்தது. நியூயார்க்கிலிருந்து ஆங்கரேஜ் வழியாகச் சியோலுக்குச் சென்ற கொரியன் ஏர்லைன்ஸ் 007 என்னும் பயணிகள் விமானம், தன் வழியிலிருந்து சிறிதுசிறிதாக விலகிச் சோவியத் வான்வெளியில் நுழைந்தது. சாக்கலின் தீவை ஒட்டிச் சோவியத் போர்விமானம் அதனைச் சுட்டு வீழ்த்தியது. அதிலிருந்த 269 பேரும் உயிரிழந்தனர். தானியங்கி ஓட்டுமுறை உரிய வழிகாட்டும் கருவியுடன் இணையாமல் காந்தத் திசையையே பற்றிச் சென்றதும், விமானிகள் அதனைக் கவனியாததுமே விலகலுக்குக் காரணம் என்று பின்னாளைய பன்னாட்டு விசாரணை கண்டது. வீழ்த்தப்பட்டபோது அது தன் வழியிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் மேலாக விலகியிருந்தது.

திசையில் ஒரு பாகைப் பிழை, ஆயிரம் கிலோமீட்டர் சென்றபின் ஏறத்தாழ 17 கிலோமீட்டர் விலகலாக வளரும். தரையில் இது சிறு வழித்தவறு. நாடுகள் ஒன்றையொன்று அஞ்சி நின்ற வானில் அத்தவறு உயிர்களைப் பறித்தது. இந்நிகழ்வுக்குப் பின்னர், அமெரிக்க இராணுவத்திற்காக உருவாகிவந்த செயற்கைக்கோள் வழியறி முறையான ஜிபிஎஸ், பணி நிறைவடைந்ததும் பொதுமக்கள் பயன்பாட்டிற்கும் வழங்கப்படும் என அந்நாட்டு அரசு அறிவித்தது. இன்று கைப்பேசியில் வழி தேடும் ஒவ்வொருவரும் பயன்கொள்ளும் அவ்வசதியின் வரலாற்றில் இத்துயரமும் இடம்பெற்றுள்ளது.

திறந்த வானும் மீண்டும் அடைபட்ட வானும்

1991ஆம் ஆண்டு சோவியத் ஒன்றியம் கலைந்தது. அதனையொட்டிய ஆண்டுகளில் சைபீரிய வான்வழிகள் மேலைநாட்டு நிறுவனங்களுக்குத் திறந்தன. வடகிழக்கு மூலையில் ஒதுங்கியிருந்த ஹெல்சிங்கி, ஐரோப்பாவிலிருந்து கிழக்காசியாவிற்குச் செல்லும் குறுகிய வழியின் வாயிலாயிற்று. பெருவட்டத்தின் கணிதம் ஒரு சிறு நாட்டின் வாணிகத்திற்கு முதலாக அமைந்தது. ஆங்கரேஜ் நிலையத்தின் பயணியர் கூடம் ஆளரவம் குறைந்தது.

2022ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தது. சில நாட்களுக்குள் ஐரோப்பிய ஒன்றியம் தன் வான்வெளியை ரஷ்ய விமானங்களுக்கு மூடியது. ரஷ்யா எதிர்நடவடிக்கையாக ஃபின்லாந்து உள்ளிட்ட 36 நாடுகளின் விமான நிறுவனங்களுக்குத் தன் வானை அடைத்தது. டோக்கியோ சேவையைச் சில நாட்கள் நிறுத்திய ஃபின்னேர், மார்ச்சு மாதத்தில் மீண்டும் தொடங்கியபோது இரண்டு வழிகளே எஞ்சியிருந்தன. ஒன்று, ரஷ்யாவுக்குத் தெற்கே நடு ஆசியாவையும் சீனாவையும் கடக்கும் வழி. மற்றொன்று, 1983இல் டிசி-10 விமானம் சென்ற அதே வடமுனை வழி. அன்றைய காற்றின் போக்கை ஆராய்ந்து இரண்டில் ஏற்றது தெரிவு செய்யப்படுகிறது.

ஹெல்சிங்கியிலிருந்து வடமுனை, அங்கிருந்து பெரிங் நீரிணை, அங்கிருந்து நரிட்டா என மூன்று கூறுகளாகப் புவிக்கோளத்தில் அளந்தால், வழியின் நீளம் 10,600 கிலோமீட்டருக்குக் குறையாது. கம்சட்காத் தீவக்குறையைத் தவிர்க்கப் பசிபிக் கடல்மேல் வளையும் தொலைவு இதனினும் கூடுதல். பாடத்தின் தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு விடை இதுவே. அந்த நான்கு மணி நேரம் இயற்கை விதித்ததன்று, போர் விதித்தது. இத்தடைக்கு உட்படாத சீன நாட்டு விமானங்கள் இன்றும் ரஷ்யாவின் வானைக் கடந்தே ஐரோப்பாவிற்குச் செல்வது இதற்குச் சான்றாகும்.

நான்கு மணி நேரத்தின் விலை

ஏர்பஸ் ஏ350 போன்ற பெரிய விமானம் மணிக்கு ஐந்து முதல் ஆறு டன் எரிபொருளை எரிக்கிறது. நான்கு மணி நேரத்திற்கு இருபது டன்னுக்குக் குறையாத எரிபொருள் கூடுதலாகத் தேவை. ஒரு டன் விமான எரிபொருள் எரியும்போது ஏறத்தாழ 3.16 டன் கரியமில வாயு வெளிப்படுகிறது. ஆகவே, ஒருவழிப் பயணத்தில் மட்டும் அறுபது டன்னுக்கு மேற்பட்ட வாயு மிகுதியாக வளிமண்டலத்தில் கலக்கிறது. கூடுதல் எரிபொருளைச் சுமப்பதற்கே மேலும் எரிபொருள் வேண்டும். அச்சுமைக்கு இடம்தரச் சரக்கைக் குறைக்க நேரும். பணிநேர விதிகளின்படி கூடுதல் விமானிகளும் உடன் செல்ல வேண்டும்.

வடமுனை வழிக்கெனத் தனி முன்னேற்பாடுகளும் உண்டு. இரு பொறி கொண்ட விமானத்தில் ஒரு பொறி செயலிழந்தால், மற்றொன்றைக் கொண்டு குறிப்பிட்ட நேரத்திற்குள் ஒரு விமான நிலையத்தை அடையக்கூடிய பகுதியிலேயே அது பறக்க வேண்டும். முனைப்பகுதியில் அத்தகைய நிலையங்கள் மிகச் சிலவே. நெடுந்தொலைவுப் பயணங்களில் பயன்படும் ஜெட் ஏ-1 எரிபொருள் −47° செல்சியசில் உறையத் தொடங்கும். முனைப்பகுதியின் உயர்வானில் வெப்பநிலை அதற்கும் கீழே இறங்குவதுண்டு. எரிபொருளின் வெப்பநிலை குறைந்தால் விமானிகள் உயரத்தையோ வேகத்தையோ மாற்றுகின்றனர். நிலநடுக்கோட்டின் மேல் நிலைகொண்டுள்ள தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்கள் முனையருகே அடிவானத்திற்குக் கீழே மறைந்துவிடுவதால், தொடர்புக்கு வேறு முறைகள் வேண்டும். வழியில் இறங்க நேர்ந்தால் அணிவதற்குக் கடுங்குளிர் உடைகளும் எடுத்துச் செல்லப்படுகின்றன.

கடிகாரமும் தேதியும்

பயணக் காலத்தைக் கடிகாரத்தை மட்டும் பார்த்து அறிய இயலாது. குளிர்காலத்தில் டோக்கியோவின் நேரம் ஹெல்சிங்கியைவிட ஏழு மணி முன்னது. திங்கட்கிழமை மாலை 5.30க்கு ஹெல்சிங்கியில் புறப்படும் விமானம் பதின்மூன்று மணி நேரம் பறந்தால், டோக்கியோவில் இறங்கும்போது அங்கே செவ்வாய்க்கிழமை பிற்பகல் 1.30 ஆகியிருக்கும். கடிகாரம் இருபது மணி நேரம் கடந்ததாகக் காட்டும். அதே விமானம் செவ்வாய் இரவு 10 மணிக்கு டோக்கியோவில் புறப்பட்டால், புதன்கிழமை அதிகாலை 4 மணிக்கு ஹெல்சிங்கியை அடையும். இப்போது கடிகாரம் ஆறு மணி நேரத்தையே காட்டும். இருபதையும் ஆறையும் கூட்டிப் பாதியாக்கினால் பதின்மூன்று கிடைக்கும். இருவழிப் பயண நேரமும் ஒத்திருக்குமாயின், நேர வலயங்களின் தோற்ற மயக்கத்தை நீக்க இக்கணக்கே போதும்.

வடமுனை வழியில் திரும்புவோர் பன்னாட்டு தேதிக்கோட்டையும் கடக்கின்றனர். செவ்வாய் இரவில் டோக்கியோவை விட்ட விமானம், ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் அக்கோட்டை அடையும். கோட்டின் மேற்குப்புறத்தில் அப்போது புதன்கிழமை காலை. கோட்டைக் கடந்ததும் அலாஸ்காப் பகுதியில் செவ்வாய்க்கிழமை காலை. புறப்பட்ட இரவுக்கு முந்தைய காலைப்பொழுதிற்குப் பயணி வந்துவிடுகிறார். வடமுனையைத் தாண்டி ஐரோப்பாவை அடைந்ததும் நாள் மீண்டும் புதன்கிழமையாகிறது.

நிறைவாக

ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் இடைப்பட்ட 7,800 கிலோமீட்டர் என்னும் அளவு 1957இலும் அதுவே, 1983இலும் அதுவே, இன்றும் அதுவே. அதனைக் கடக்கும் காலமோ, விமானம் வளர்ந்தபோது குறைந்தது. நாடுகள் இணங்கியபோது மேலும் குறைந்தது. பகை மூண்டபோது நீண்டது. நாற்பது ஆண்டுகளில் விமானப் பொறியியல் பெரிதும் முன்னேறியிருந்தும், 1983இன் பயணியும் 2022இன் பயணியும் அதே பதின்மூன்று மணி நேரம் இருக்கையில் அமர்ந்திருக்க நேர்ந்தது.

புவிக்கோளத்தின்மீது இறுகப் பிடித்த நூல் எந்த நாட்டின் எல்லையையும் அறியாது. அந்நூலின் வழியே விமானம் செல்லலாமா என்பதை, அதன் கீழ் வாழும் மனிதர்களே முடிவு செய்கின்றனர்.